குத்திய ஊசி எங்கே போகிறது?

கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்கு முள் குத்துவது ஒரு பெரிய விஷயமே அல்ல. சீமைக்கருவேல முள் காலில் தைத்தால் அப்படியே தரையில் உட்கார்ந்து, சேலையிலோ தாலிக்கயிற்றிலோ மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்து முள்ளைத் தோண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் எருக்கம்பாலைத் தடவிக்கொண்டு மறுபடியும் களை எடுக்கப் போய்விடுவார்கள். "முள்ளுதானே!" என்பதோடு முடிந்தது.

ஆனால் அதே குப்பைமேட்டில், அதே காட்டில் காலில் தைப்பது முள்ளாக இல்லாமல் யாரோ வீட்டில் போட்டுக்கொண்ட ஊசியாக இருந்தால்? ஊக்கும் எருக்கம்பாலும் அங்கே உதவாது. அந்த ஊசி யாருடைய உடம்பிலிருந்து வந்தது, அந்த உடம்பில் என்ன இருந்தது என்பது குத்துப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கிறது நாகலாபுரம். கட்டபொம்மன் காலத்துப் பாளையங்களில் ஒன்று. பருத்தி, மிளகாய், கம்பு, உளுந்து என்று மானாவாரி வெள்ளாமை. இப்படிப்பட்ட ஊருக்கு "பயன்படுத்திய ஊசியை என்ன செய்வது?" என்ற கேள்வி எப்போது வந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஊசியின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

ஊசி குப்பையாக இல்லாத காலம்

உடம்புக்குள் மருந்தைச் செலுத்தும் ஊசிக்கு வயது 180 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். 1844-ல் அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர் பிரான்சிஸ் ரிண்ட் உள்ளே துளையுள்ள ஊசியைப் பயன்படுத்தினார். 1853-ல் ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் வுட், பிரான்சில் சார்லஸ் பிரவாஸ் இருவரும் தனித்தனியே ஊசியையும் குழலையும் சேர்த்து சிரிஞ்ச் ஆக்கினார்கள்.

அன்றைக்கு சிரிஞ்ச் என்பது விலை உயர்ந்த கருவி. கண்ணாடியும் உலோகமும் கொண்டு செய்தது. ஒன்றை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பார்கள். ஊசி மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வார்கள். நம்மூர் டாக்டர் வீடுகளிலும் இதே கதைதான். ஸ்பிரிட் விளக்கு அல்லது ஸ்டவ், அதன் மேல் ஒரு உலோகப் பெட்டி, அதில் கொதிக்கும் தண்ணீர், தண்ணீருக்குள் கண்ணாடி சிரிஞ்சும் ஊசிகளும். கம்பவுண்டர் இடுக்கியால் எடுத்துக் கொடுப்பார். இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் அந்தப் பெட்டியின் சத்தத்தைக்கூடச் சொல்வார்கள்!

வணிகவியல் மொழியில் சொன்னால், அன்றைய சிரிஞ்ச் ஒரு நிலைச் சொத்து. அதைத் தூக்கிப் போடுவது என்ற பேச்சே கிடையாது. எனவே "ஊசிக் குப்பை" என்ற ஒன்றும் கிடையாது.

வீட்டுக்குள் ஊசி நுழைந்தது இன்சுலினால். 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை சில குறிப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு மரணம் நிச்சயம். இன்சுலின் அவர்களை வாழ வைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை... தினமும் ஊசி போட வேண்டும். தினமும் டாக்டரைத் தேடிப் போக முடியுமா? நோயாளியே போட்டுக்கொள்ளப் பழகினார். அடுப்பங்கரைப் பாத்திரத்தில் சிரிஞ்சைக் கொதிக்க வைத்தார். மருத்துவமனையின் வேலை ஒன்று அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

கொதிக்காத ஊசி செய்த கொடுமை

ஒழுங்காகக் கொதிக்க வைத்தவரை பிரச்சினை குறைவு. ஆனால் ஒரு வரிசையில் நூறு பேர் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் கொதிக்க வைக்க நேரம் எங்கே?

எகிப்து நாடு இதற்குக் கொடுத்த விலை பெரியது. அங்கே நைல் நதிக்கரை மக்களைப் பிடித்திருந்த நத்தைக் காய்ச்சலை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள் வரை அரசே ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டது. நோக்கம் நல்லது. ஆனால் சரியாகச் சுத்தம் செய்யப்படாத கண்ணாடி சிரிஞ்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் வைரஸ் அந்த ஊசிகளின் வழியே லட்சக்கணக்கானவர்களுக்குப் பரவியது. ஒரு நோயை ஓட்டப் போய் இன்னொரு நோயைக் குடியேற்றிவிட்டார்கள்.

இதற்கு மாற்று ஏற்கெனவே பிறந்திருந்தது. 1954-ல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியை லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் போட வேண்டியிருந்தபோது, பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கண்ணாடி சிரிஞ்சைப் பெருமளவில் செய்து கொடுத்தது. 1956-ல் நியூசிலாந்தின் மருந்துக்கடைக்காரர் காலின் மர்டாக் பிளாஸ்டிக்கில் ஒருமுறை சிரிஞ்சை வடிவமைத்தார். சொத்தாக இருந்த சிரிஞ்ச் அன்றிலிருந்து நுகர்பொருள் ஆனது.

இந்தியாவுக்கு அந்த மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. ஃபரிதாபாத்தில் 1957-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் சிரிஞ்சஸ் நிறுவனம் முதலில் செய்தது கண்ணாடி சிரிஞ்சைத்தான். "டிஸ்போவேன்" என்று இன்று பெட்டிக்கடை அளவுள்ள மருந்துக்கடையிலும் கிடைக்கும் பிளாஸ்டிக் சிரிஞ்ச் அதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது.

1986, சென்னை

இந்தக் கதையின் திருப்புமுனை நம் தமிழ்நாட்டில் நடந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனீதி சாலமன். அவரிடம் படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா. தன் ஆய்வுக்காக பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார் நிர்மலா. அவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது! இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அதன் பிறகு ஊசி என்றாலே பயம் வந்தது. "புது ஊசி போடுங்க" என்று நோயாளிகளே கேட்கத் தொடங்கினார்கள். 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் வந்தன. சுவர் விளம்பரங்களிலும் தெருக்கூத்துகளிலும் புது ஊசி பற்றிய பாடம் ஊர் ஊராகப் போனது. கொதிக்கும் பெட்டி மெல்ல மெல்ல மறைந்து, காகித உறையைக் கிழித்து எடுக்கும் சிரிஞ்ச் அதன் இடத்துக்கு வந்தது.

மக்கள் பாதிப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார்கள். உள்ளே வரும் ஊசி புதிதாக இருக்க வேண்டும். சரி. வெளியே போகும் ஊசி? அந்த மீதிப் பாதியை யாரும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லவில்லை.

குப்பையில் போனது திரும்பி வந்தது

தூக்கிப் போட்ட சிரிஞ்சுக்கு எச்ச மதிப்பு உண்டு. பிளாஸ்டிக் எடைக்குப் போகும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. கழுவி, உறையில் போட்டுப் புதிது போல விற்றால் இன்னும் லாபம்!

2009 தொடக்கத்தில் குஜராத்தின் மோடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி தொற்றிப் பல டஜன் பேர் இறந்தார்கள். பயன்படுத்திய சிரிஞ்சுகளால் மறுபடியும் ஊசி போட்டதே காரணம் என்று தெரிந்தது. பயன்படுத்திய சிரிஞ்சுகளைச் சேர்த்து வைத்திருந்த கிடங்குகளும் அப்போது பிடிபட்டன. ஒரு குப்பைக்குச் சரியான முடிவு கட்டாவிட்டால் அது சரக்காக மாறித் திரும்பி வரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

சட்டம் அதற்கு முன்பே வந்திருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ன் கீழ், 1998 ஜூலையில் மத்திய அரசு மருத்துவக் கழிவு விதிகளை அறிவித்தது. மருத்துவமனைகள் தங்கள் கழிவை வகை பிரிக்க வேண்டும், ஊசியை மறுபடி பயன்படுத்த முடியாதபடி சிதைக்க வேண்டும் என்று அது சொன்னது. நர்ஸ் கையருகே ஊசியை வெட்டும் சின்னக் கருவி, நோயாளியின் தலைமாட்டில் கலர் கலராகப் பைகள் எல்லாம் வந்தது இப்படித்தான். 2016 மார்ச்சில் புது விதிகள் வந்தன. அதன்படி ஊசி, பிளேடு போன்ற கூர்மையான பொருட்கள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டும். ஊசி கழற்றிய பிளாஸ்டிக் சிரிஞ்ச் சிவப்புப் பைக்குப் போக வேண்டும். ஊசிகளை நீராவியிலோ உலர் வெப்பத்திலோ கிருமி நீக்கி, நொறுக்கி, இரும்பு உருக்கும் ஆலைக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் சிமெண்டில் புதைக்கலாம்.

மருத்துவமனை ஊசிக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. சட்டம் இருந்தும் மீறல் நின்றதா என்றால் இல்லை. 2024 டிசம்பரில் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியில், நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளாவிலிருந்து வந்த மருத்துவக் கழிவு கொட்டப்பட்டதை ஊர் மக்கள் கண்டுபிடித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரள அரசே லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. ஊரார் கண்ணில் பட்டதால் அது செய்தி ஆனது.

ஆனால் ஒரு வீட்டிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று இரண்டாக வெளியே வரும் ஊசி யார் கண்ணில் படும்?

வீட்டு ஊசியின் கணக்கு

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் மாத்திரை சாப்பிடுபவர்கள். ஒரு பகுதியினர் இன்சுலின் போடுபவர்கள். காலையும் மாலையும் ஊசி போடும் ஒருவர் ஒவ்வொரு முறையும் புது ஊசி எடுத்தால் ஆண்டுக்கு 730 ஊசிகள். ஒரு ஊரில் இப்படி இருபது பேர் இருந்தால் 14,600. பல வீடுகளில் காசை மிச்சம் பிடிக்க ஒரே ஊசியை நாலைந்து நாள் போடுவதும் உண்டு. அப்படிப் பார்த்தாலும் ஆயிரக்கணக்கில் வரும்.

முன்பு சர்க்கரை "பணக்காரர் நோய்" என்பார்கள். இன்று கரிசல் காட்டில் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டிலும் இன்சுலின் பாட்டில் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மண்பானைக்குள் வைக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. மருத்துவம் வீட்டைத் தேடி வருவது நல்ல மாற்றம். மருத்துவத்தின் குப்பையும் வீட்டில்தான் சேரும் என்பது அதன் மறுபக்கம்.

இனி கரிசல் ஊரில் வீட்டுக்குப்பை போகும் வழியைப் பாருங்கள். வீட்டுக்குப்பை, சாணம், சாம்பல் எல்லாம் ஒரே குப்பைக்கிடங்குக்குப் போகும். மழைக்கு முன், விதைப்பு தொடங்கும் சமயம் அந்தக் குப்பையை வண்டியில் அள்ளிக் காட்டில் உரமாகச் சிதறுவார்கள். மாடு மிதிக்கும். வெறுங்காலோடு பெண்கள் களை எடுப்பார்கள். மக்கிப் போக வேண்டியது மக்கும். ஊசி மக்காது. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் சேறாகும். உள்ளே போன பொருள் எப்போது எங்கே மேலே வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் வண்டியோடு வந்து குப்பை வாங்கும் இடங்களில் ஆபத்து அவர்கள் கைக்கு மாறுகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிப்பது அவர்கள் கைதான். பாலிதீன் பைக்குள் ஊசி இருப்பது கையில் குத்திய பிறகுதான் தெரியும்.

அந்தக் குத்து எவ்வளவு ஆபத்து? கிருமி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் 3 என்ற அளவு. ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவர்களுக்கு நூற்றில் 6 முதல் 30 வரை! அந்த வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி நாடு முழுக்கச் சேர்ந்தது 2011-ல்தான். அப்படியானால் இன்று குப்பை அள்ளும் வயதில் இருக்கும் பலர் குழந்தையாக இருந்தபோது அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

சட்டம் வீட்டு வாசலுக்கு வந்தது... ஆனால் எந்த வீட்டுக்கு?

2016-ல்தான் வீட்டு ஊசி சட்டத்தின் கண்ணில் பட்டது. அந்த ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள், வீட்டில் சேரும் மருத்துவக் கழிவைத் தனிப் பையிலோ டப்பாவிலோ போட்டு நகராட்சிக் குப்பை சேகரிப்பவரிடம் தர வேண்டும் என்றன. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் "வீட்டு அபாயக் கழிவு" என்ற பட்டியலில் சேர்த்தன. அவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்க வேண்டும் என்றும் சொல்லின.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த திடக்கழிவு விதிகள் முக்கியமாக எழுதப்பட்டது நகரங்களுக்கும் நகரம் போன்ற பகுதிகளுக்கும். மருத்துவக் கழிவு விதியிலும் நகராட்சி என்றுதான் இருந்தது. கோவில்பட்டி நகராட்சி அந்த வரம்புக்குள் வந்தது. கிராம ஊராட்சி? நாகலாபுரத்தில் இன்சுலின் போடும் ஒரு பாட்டியின் ஊசியும் கோவில்பட்டியில் போடுபவரின் ஊசியும் ஒரே தொழிற்சாலையில் செய்தவை. அவற்றின் முடிவு மட்டும் வேறு வேறு.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2008 செப்டம்பர் 1 முதல் ஊசியை வீட்டுக் குப்பையில் போடுவதையே தடை செய்தது. மூடிய டப்பாவில் போட்டு, அதற்கென உள்ள இடங்களில் ஒப்படைக்க வேண்டும். தடையோடு வழியையும் சேர்த்துக் காட்டினால்தான் சட்டம் ஓடும்.

பொருளாதாரத்தில் ஒரு அடிப்படை உண்டு. ஒரு பொருளின் விலையில் அதை அப்புறப்படுத்தும் செலவு சேராவிட்டால், அந்தச் செலவை வேறு யாரோ கட்டுவார்கள். மருந்துக்கடை பில்லில் இன்சுலினுக்கு விலை இருக்கிறது, சிரிஞ்சுக்கு விலை இருக்கிறது. அந்த ஊசியின் கடைசிப் பயணத்துக்கு ஒரு பைசாவும் இல்லை. அந்தப் பாக்கியைத்தான் தூய்மைக் காவலரின் விரலும் களை எடுப்பவரின் காலும் கட்டுகின்றன.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு காலி பாட்டில் போதும்.

1. தரை துடைக்கும் திரவம் அல்லது துணி துவைக்கும் திரவம் வந்த கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி திருகுமூடியாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் மெலிசு, ஊசி துளைத்துவிடும். கண்ணாடி பாட்டில் உடையும்.

2. ஊசி போட்ட உடனே, அந்த இடத்திலேயே பாட்டிலுக்குள் போட்டுவிடுங்கள். "அப்புறம் போடலாம்" என்று ஜன்னல் ஓரத்தில் வைப்பதுதான் குழந்தை கைக்குப் போகும் வழி. கழற்றிய மூடியை இரண்டு கையாலும் பிடித்து மாட்டப் போகாதீர்கள், குத்து அதிகம் படுவது அப்போதுதான். ஊசியை வளைக்கவோ ஒடிக்கவோ வேண்டாம்.

3. முக்கால் பாட்டில் நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் ஒட்டி, "ஊசி – திறக்காதீர்கள்" என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள்.

4. மருந்து வாங்கப் போகும்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ கேட்டு, வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். அவர்களிடம் ஊசிக்கென்று தனி வழி இருக்கிறது. குப்பை வண்டியில்தான் கொடுக்க வேண்டும் என்றால், வாயால் சொல்லி, கையில் தனியாகக் கொடுங்கள்.

5. அடுப்பில் போட்டு எரிப்பது, கக்கூஸில் போடுவது, கிணற்றிலும் கண்மாயிலும் வீசுவது, உரக்குப்பையில் கலப்பது எதுவும் வேண்டாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடவே கூடாது.

ஒருவேளை யாருக்காவது குத்திவிட்டால்: பிதுக்காதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதையும் டாக்டர் முடிவு செய்வார்.

முடிவாக...

1853-ல் சிரிஞ்ச் பிறந்தது. நூறு ஆண்டுக்கு மேல் அதைக் கொதிக்க வைத்துக் காப்பாற்றினார்கள். அப்புறம் தூக்கிப் போடக் கற்றுக்கொண்டார்கள். எங்கே போடுவது என்று மருத்துவமனைகளுக்குச் சட்டம் சொல்ல 1998 வரை ஆனது. வீடுகளுக்குச் சொல்ல 2016 ஆனது. கிராமத்து வீட்டுக்கு அது எப்போது முழுதாக வந்து சேரும்?

வந்து சேரும் வரை ஒரு பழைய பாட்டில் அந்த வேலையைச் செய்யும். வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவோ அத்தையோ இருந்தால், இன்று சாயங்காலம் ஒரு காலி பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துக் கொடுங்கள். காட்டில் வெறுங்காலோடு நடக்கும் ஒருவருக்கு, தன்னைக் காப்பாற்றியது யார் என்று கடைசி வரை தெரியப் போவதில்லை. தெரியாமலே இருக்கட்டும்!